அம்மாவும் அப்பாவும் ஒரே வாயசைவு

எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும், புதிதாகப் பேச வருகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்துவார்கள். இல்லையென்றால் என்னை அப்படியே விட்டுவிட்டு என் மனைவியிடம், "அவருக்கு டீயில சீனி போடலாமா?" என்று கேட்பார்கள். காது போனவனுக்குச் சீனியும் ஆகாது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ரங்கூனில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் தமிழ், வெளியில் பர்மியம், மண்டியில் இரண்டும் கலந்த ஒரு மூன்றாவது பாஷை. நாற்பது வயது வரை எல்லோரையும் போலக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். பிறவியிலேயே கேட்காதவர்களின் வாழ்க்கை வேறு. அவர்களுக்குச் சைகைதான் தாய்மொழி. அதிலேயே சண்டை போடுவார்கள், கேலி பேசுவார்கள், பிள்ளையைக் கொஞ்சுவார்கள். நான் சொல்லப்போவது பாதி வழியில் காதைத் தொலைத்தவனின் கதை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடக் கூடாது.

2013 நடுவில் எனக்கு டிபி வந்தது. வழக்கமான ஆறு மாத மாத்திரைக்கு அடங்குகிற டிபி இல்லை, மருந்தை எதிர்த்து நிற்கிற வகை. மொத்தம் இருபது மாத வைத்தியம் என்றார்கள். அதில் முதல் பல மாதங்கள் மாத்திரையோடு தினம் ஓர் ஊசி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அமிக்காசின் என்று ஊசிக்குப் பெயர். ஒரு நாள் இடது புட்டத்தில், மறுநாள் வலது. உட்கார முடியாமல் சுவரோரம் நின்றுகொண்டே சாப்பிட்ட நாட்கள் உண்டு.

மூன்றாவது மாதம் வீட்டுப் பல்லி வாயை மூடிக்கொண்டது. அம்மா ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி கத்தினால், தரையில் விரலால் தட்டி "பாத்தியா, சொல்லிருச்சு" என்பார். ஒருநாள் அப்படித் தட்டினார். எனக்குப் பல்லி கேட்கவில்லை. அம்மா விரல் தட்டியது மட்டும் கேட்டது. அப்புறம் மனைவியின் கொலுசு போனது, செல்போன் மணி போனது, குக்கர் விசில் போனது. விசில் போனது என்று சொல்வதும் சரியில்லை. அது என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இராப்பகலாக ஒரே கொய்ங். வியாதியின் பலவீனம், உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. ஊசி போட்ட இடத்திலும் காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட உறுப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள் மயிரிழை போல நுண்ணிய செல்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த வகை ஊசி மருந்து அந்தச் செல்களைச் சாகடிக்கக்கூடியது. கீச்சுக் குரலைப் பிடிக்கிற செல்கள் முதலில் சாகும், அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். செத்த செல் மறுபடி முளைக்காது. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், நாள் தள்ளிப் போடலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாதிரி ஊசி ஆரம்பிப்பதாக இருந்தால், முதல் ஊசிக்கு முன்னால் ஒரு காது பரிசோதனை, பிறகு மாதம் ஒரு தடவை என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். காதில் இரைச்சல் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இப்போது ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிகிற மாத்திரை முறையை 2022-இலிருந்து உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. என் காலத்தில் அது இல்லை. ஊசியை நான் திட்டுவதில்லை. உயிரைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. மண்டிக்காரன் பார்வையில் பேரம் ரொம்ப மோசமில்லை.

பரிசோதனை செய்தபோது ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடது பக்கம் கொஞ்சம் மேலே இருக்கிறது, போகப் போகச் சறுக்குமரம் மாதிரி கீழே விழுகிறது. இடது பக்கம் கனத்த ஒலி, வலது பக்கம் மெல்லிய கூரான ஒலி; கோடு கீழே போகப் போகக் காது கேட்பது குறைவு. எனக்கு இது புரிந்தது கோயிலில் ஞாயிறு வகுப்பில் படித்த இலக்கணத்தால்தான். ஆ, ஈ, ஊ எல்லாம் கனத்த ஒலி. க, ச, ட, த என்று நாக்கு தடுத்தும் உரசியும் வருகிற ஒலிகள் கூரானவை. ஆக எனக்கு உயிர் கேட்கும், மெய் கேட்காது. நீங்கள் "காப்பி சாப்பிடுறியா" என்று கேட்டால் என் காதில் விழுவது "ஆ... இ ஆ... இ... இயா". மீதியை நான்தான் இட்டு நிரப்ப வேண்டும்.

"சத்தம் கேக்குதுல்ல, அப்புறம் ஏன் புரியலைங்கிற?" என்று என் மைத்துனர் இன்றைக்கும் கேட்பார். காது கேட்காமை என்றால் வானொலியின் ஒலியைக் குறைத்த மாதிரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாதி எழுத்து அழிந்த பழைய பத்திரத்தைப் படிப்பது மாதிரி. விளக்கைப் பெரிதாக்கினால் அழிந்த எழுத்து திரும்பி வருமா? கத்தினால் எனக்கு உயிர்தான் பெரிதாகிறது, மெய் வரவில்லை. கத்துகிறபோது வாய் வேறு கோணிக்கொள்கிறது, பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் போச்சு.

ஒரு வேடிக்கை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம் ஆட்கள் சொல்கிறார்களே, அனவ்ரத்தா சாலையில் இருக்கிற காளி கோயிலில் சங்கு ஊதினால் எனக்கு நன்றாகவே கேட்கிறது. நெஞ்சில் வந்து மோதும். அர்ச்சகர் கையில் ஆட்டுகிற மணிதான் ஊமையாக ஆடிக்கொண்டிருக்கும். பழமொழியை மாற்றுவதாக இருந்தால் செவிடன் காதில் ஆட்டிய மணி என்று மாற்றலாம்.

2014 மார்ச் கடைசியில் மக்கள் தொகைக் கணக்கு எடுக்க வந்தார்கள். பச்சை லொஞ்ஜி, வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், இளம் பெண், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பார்வை, செவி, நடை, நினைவு என்று நான்கையும் ஒவ்வொருவருக்கும் கேட்டார்: சிரமம் இல்லையா, கொஞ்சமா, ரொம்பவா, அறவே முடியாதா? நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எனக்கும் சேர்த்து "சிரமம் இல்லை" என்று சொல்லிவிட்டாள். டிபி வந்த வீடு, மகள் வளர்கிறாள், காதும் போச்சு என்று எழுத்தில் வேறு இருக்க வேண்டுமா என்பது அவள் நினைப்பு. அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு அப்போது கேட்கவில்லை. நானும் தலையாட்டி வைத்தேன். பிறகு வந்த கணக்கில் நூற்றுக்கு 4.6 பேருக்கு ஏதாவது ஒரு குறை என்று போட்டிருந்தார்கள். அதில் நான் இல்லை. என்னைப் போல் எத்தனை வீடுகளில் தலையாட்டினார்களோ.

தலையாட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காது போனவன் முதலில் கற்றுக்கொள்கிற கெட்ட பழக்கம் அது. நாலு பேர் சிரித்தால் நானும் சிரிப்பேன். கேள்வி மாதிரித் தெரிந்தால் "ஆமாமா" என்பேன். எதிராளியின் முகம் சுருங்கினால் உடனே "இல்லை இல்லை" என்று மாற்றிக்கொள்வேன். இதில் நான் கெட்டிக்காரன் என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது.

வைத்தியம் முடிந்து மண்டிக்குத் திரும்பிய புதிதில் முதல் அடி விழுந்தது. பர்மிய எண்களில் ஒன்று தித், இரண்டு நித், எட்டு ஷித். மூன்றிலும் உயிர் ஒன்றே, முடிவும் ஒன்றே. முன்னால் நிற்கிற மெய்தான் வித்தியாசம். எனக்குக் கேட்காததும் அதுதான். வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்றபடி ஸெநித் என்று சொன்னார், பன்னிரண்டு மூட்டை. எனக்கு அது ஸெஷித். பதினெட்டு மூட்டை உளுந்து லாரியில் ஏறிப் போய்விட்டது. ஆறு மூட்டை திரும்பி வந்தது, கூடவே ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை. முதலாளி என்னைத் திட்டவில்லை. எனக்கு எதிரே நின்று ஏதோ சொன்னார், நான் "சரிண்ணே" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, மேஜை மேலிருந்த சீட்டில் எழுதிக் காட்டினார்: "நான் இப்ப என்ன சொன்னேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்கும் நான் திருந்தவில்லை. என்னைத் திருத்தியது இன்னொரு சம்பவம். எங்கள் தெருவில் கூடவே வளர்ந்த நண்பன். அவன் அம்மா கையால் நான் தின்ற சோற்றுக்குக் கணக்குக் கிடையாது. ஒரு காலை டீக்கடை வாசலில் நின்றிருந்தான். நான் பக்கத்தில் போனதும் "அம்மா போயிட்டாங்க" என்றான். வெளிச்சம் நன்றாக இருந்தது, வாயசைவை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் வேறு. அவன் தங்கை மோல்மேனில் இருக்கிறாள், அம்மா அடிக்கடி அங்கே போய் வருவார். நான் சிரித்துக்கொண்டே, "அப்படியா, எப்ப வருவாங்க?" என்றேன்.

அவன் முகத்தை என்னால் எழுத முடியாது.

சொல்லை நான் சரியாகத்தான் பிடித்தேன். பிடிக்க முடியாமல் போனது குரலை. போயிட்டாங்க என்கிற சொல் ஊருக்குப் போனதா, ஒரேயடியாகப் போனதா என்பதைக் குரல்தான் சொல்லும். தொண்டை அடைத்ததா, நடுங்கியதா, அதெல்லாம் உதட்டில் வருவதில்லை. இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காது கேட்காதவர்களிடம் துக்கமோ கோபமோ சொல்ல வேண்டியிருந்தால் குரலை நம்பாதீர்கள். சொல்லை முழுசாகச் சொல்லுங்கள். "இறந்துட்டாங்க" என்று சொல்ல நா எழவில்லை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். கை சொல்லிவிடும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஓர் அட்டையில் தமிழிலும் பர்மியத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்: "எனக்குக் காது சரியாகக் கேட்காது. என் முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பேசுங்கள்." வெறுமனே காது கேட்காது என்று சொன்னால் எதிராளிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கத்த ஆரம்பித்துவிடுகிறார். என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டால் பத்தில் எட்டுப் பேர் அப்படியே செய்கிறார்கள். இது நான் கற்றுக்கொண்டதிலேயே அதிகம் பயன்பட்ட பாடம். பர்மியத்தில் காது மந்தத்துக்கு நா-லே என்பார்கள், கனத்த காது என்று பொருள். புரிந்துகொள்வதற்கு நா-லெ. நான் அட்டையை நீட்டி வாயாலும் சொல்லும்போது எது வெளியே வருகிறதோ தெரியாது. "எனக்கு நன்றாகப் புரியும், மெதுவாகப் பேசுங்கள்" என்று சிலருக்குக் கேட்டிருக்கக்கூடும்.

சரி, வாயசைவுக்கு வருகிறேன். உதட்டைப் படிக்கிறார் என்றால் ஏதோ வித்தை மாதிரி நினைக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் அம்மா என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் அப்பா என்று சொல்லுங்கள். உதடு ஒரே மாதிரிதான் ஒட்டி விலகும். மாமா, பாப்பா அதே கதை. பணமும் மனமும் ஒன்று, படியும் மடியும் ஒன்று. தொண்டையில் பிறக்கிற க வெளியே தெரிவதே இல்லை. பாதிக்கு மேல் ஊகம்தான். பர்மியம் இன்னும் மோசம். சா என்பதை இழுத்துச் சொன்னால் சாப்பிடு, தாழ்த்திச் சொன்னால் எழுத்து, வெட்டிச் சொன்னால் ஆரம்பி. உதட்டுக்கு மூன்றும் ஒன்றே.

அதனால் என்னிடம் பேசுகிறவர் முதலில் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும். "லாரி விஷயம்" என்று ஒரு சொல், அப்புறம் மீதி. லாரி என்று தெரிந்தால் என் மனசு டயர், டீசல், டிரைவர் என்று வரிசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். தலைப்பே இல்லாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தால் நான் உளுந்து விலையைத் தேடிக்கொண்டிருப்பேன், அவர் பேரனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு தடவை புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை நாலு தடவை சொல்வதில் பயனில்லை. அதே ஓட்டை அதே இடத்தில்தான் இருக்கும். வேறு சொல் போட்டுச் சொல்லுங்கள். "பணம் தரணும்" புரியவில்லையா, "காசு கொடுக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் நிழலாகிவிடும். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்; தோளை லேசாகத் தொடலாம். மரத்தளம் போட்ட வீடு என்றால் காலால் ஒரு தட்டு போதும், உள்ளங்காலில் வந்து சேரும்.

ரங்கூனில் இதற்கெல்லாம் மேலே ஒரு எதிரி உண்டு, குன்யா. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, சாறைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அண்ணாந்து பேசுவார்கள். சாறு சிந்தக் கூடாது என்று உதட்டை அசைக்கவே மாட்டார்கள். மண்டிக்கு வருகிற தரகர்களில் பாதிப் பேர் இப்படித்தான். அடுத்த எதிரி நம் ஆட்களின் மீசை. பெரியம்மா வீட்டு மாமா ஒருவருக்கு மேலுதடு தெரியாத மீசை. கேட்கத் தயங்கித் தயங்கி ஒருநாள் கேட்டுவிட்டேன். மறுவாரம் கீழ் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு வந்தார். "உனக்காக இல்லடா, குழம்பு ஒட்டுது" என்றார். நம்பியதாக நான் காட்டிக்கொண்டேன். 2020-இல் முகக்கவசம் வந்ததும் மீசையும் குன்யாவும் எவ்வளவோ தேவலை என்று ஆகிவிட்டது. அந்த வருடம் நான் மனிதர்களோடு பேசியதைவிடக் கால்குலேட்டரோடு பேசியது அதிகம்.

அந்தக் கால்குலேட்டரும் முதலாளியின் யோசனைதான். பதினெட்டு மூட்டைக்குப் பிறகு, எண் எதுவானாலும் வாயால் சொல்லக் கூடாது என்று மண்டியில் சட்டம் போட்டார். மூட்டையா, வீசையா, விலையா, எல்லாம் கால்குலேட்டரில் தட்டிக் காட்ட வேண்டும். நான் பதிலுக்குத் தட்டிக் காட்டுவேன். முதலில் முனகினார்கள். ஆறு மாதத்தில் கணக்குத் தகராறு எனக்கு மட்டுமில்லை, மண்டிக்கே குறைந்துவிட்டது. என் தாத்தா சொல்வார், ஊரில் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்களாம். அவர்களுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. 2017 ஆகஸ்ட்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு வரம்பு போட்டபோது மண்டியில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அடித்ததாம், ஆளுக்கு ஆள் கத்தினார்களாம். அன்றைக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதி முடித்தவன் நான் ஒருவன்தான்.

காது மிஷின் போட்டிருக்கிறேன். அதுவும் மாயம் இல்லை. நாலு பேர் பேசுகிற இடத்தில் நாலு பேரையும், மேலே சுற்றுகிற பேனையும், தெருவில் போகிற பஸ்ஸையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒரு முழம், இரண்டு முழம் தூரத்தில் ஒரே ஆள் பேசினால் உதவி. சின்னப் பொத்தான் மாதிரி பேட்டரி ஒரு வாரம், பத்து நாள் வரும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கரகரக்கும். இரவில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும். திஞ்ஜான் என்கிற தண்ணீர்த் திருவிழா வந்தால் கழற்றி அலமாரியில் பூட்டிவிடுவேன். வாளியோடு நிற்கிற பிள்ளைகளிடம் போய் அட்டையை நீட்ட முடியுமா? அட்டையும்தான் நனையும்.

வீட்டில் சின்னச் சின்ன ஏற்பாடுகள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ரங்கூனில் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும். கீழே வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும், பேப்பரோ காய்கறியோ கயிற்றில் மாட்டி அனுப்புவார்கள். மணி எனக்கு எதற்கு? என் மகள் கயிற்றின் மேல் முனையை நீட்டி, ஜன்னலுக்குள் கொண்டுவந்து, நான் உட்காருகிற நாற்காலிக்கு எதிரே ஒரு சிவப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். கீழே இழுத்தால் துண்டு குதிக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அது பெரிய விளையாட்டு. ஒரு நாளைக்குப் பத்து தடவை யாருமே இல்லாமல் துண்டு குதிக்கிறது.

செல்போனில் பேச்சை எழுத்தாக மாற்றுகிற லைவ் டிரான்ஸ்கிரைப் மகள்தான் போட்டுக் கொடுத்தாள். தமிழும் எழுதுகிறது. மேடைத் தமிழ் பேசினால் அருமை. எங்கள் வீட்டில் யார் மேடைத் தமிழ் பேசுகிறார்கள்? "ஜேக்குப் போயி ஹின் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. ஜே என்றால் சந்தை, ஹின் என்றால் கறி. திரையில் "ஜெயக்குமார் போய் இன்னும் வாங்கிட்டு வாங்க" என்று வந்தது. யார் அந்த ஜெயக்குமார் என்று நாங்கள் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் சைகையும் கற்றுக்கொண்டேன். ரங்கூனில் 1920-இல் தொடங்கிய மேரி சாப்மன் பள்ளி இருக்கிறது, காது கேளாத பிள்ளைகளுக்கானது. அங்கே படித்த பையன் ஒருவன் எங்கள் பக்கம் தையல் கடையில் வேலை பார்க்கிறான். மாண்டலேயில் 1964-இல் ஆரம்பித்த பள்ளியில் படித்தவர்களின் சைகை வேறு என்று அவன்தான் காட்டினான். ஒரே சொல்லுக்கு இரண்டு கை. சைகையைவிட அவனிடம் நான் கற்றது உட்காருகிற கலை. டீக்கடைக்குள் நுழைந்ததும் அவன் ஒரு நிமிடம் நிற்பான், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பான், சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருவான், எதிராளியை வெளிச்சத்துக்கு முகம் காட்ட வைப்பான். நாற்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

இவ்வளவும் செய்தும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் உபயோகமில்லை. நாள் முழுக்க ஊகித்து ஊகித்துத் தலை கனத்துவிடும். வீட்டுக்கு வந்து மிஷினைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருப்பேன். முன்பு இதைக் கோபம் என்று மனைவி நினைத்தாள். அவளிடம் ஒரு நாள் முழுக்க நம்பர் எழுதாத உளுந்து மூட்டைகளை எடையைப் பார்த்தே பிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இப்போது அந்த அரை மணி நேரத்தில் யாராவது வந்தால் அவளே வாசலில் நிறுத்திவிடுகிறாள்.

ஒரே ஒரு சொல்லைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. ஒண்ணுமில்ல. எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் என்ன என்று கேட்கிறேன், "ஒண்ணுமில்ல, விடு" என்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, மறுபடி சொல்லச் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லில் கதவு சாத்திக்கொள்கிறது. டமாரச் செவிடு என்று ஒருவர் திட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. அவராவது என்னிடம் பேசினார். என்ன விஷயம் என்பதைச் சொல்லிவிடுங்கள், ஒன்றுமில்லையா இல்லையா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். காதும் காதும் வைத்த மாதிரி சொல்ல வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்ல முடியாது. அதை எழுதிக் காட்டலாம்.

கரண்ட் போகிற இரவுகள்தான் கஷ்டம். ரங்கூனில் அது எத்தனை இரவு என்று கேட்காதீர்கள். இருட்டில் உதடு தெரியாது. அந்த ஊசி காதோடு உடம்பின் நிதானத்தையும் கொஞ்சம் கொண்டுபோய்விட்டது, அதனால் கண் தெரியாத இடத்தில் கால் தள்ளாடும். மாடிப்படியில் கரண்ட் போனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன், யாராவது டார்ச்சோடு வரும் வரை.

போன வாரமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மனைவியும் மகளும் ஏதோ பேசுகிறார்கள் என்று தெரிந்தது, தட்டு அதிர்ந்தது, சிரிக்கிறார்கள். "என்ன?" என்றேன். மகள் செல்போன் டார்ச்சைப் போட்டுத் தன் தாடைக்குக் கீழே பிடித்தாள். பேய் மாதிரி இருந்தாள். உதடு "ஒண்ணு" வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, சோற்றுக் கையை ஓரமாக வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவள் சீப்பு காணாமல் போனதாம். எல்லா இடமும் தேடினாளாம். அம்மாவா அப்பாவா என்று இரண்டு தடவை நிறுத்திக் கேட்டேன், மனைவியைக் கைகாட்டினாள். கடைசியில் சீப்பு அம்மாவின் தலையிலேயே சொருகியிருந்ததாம்.

அவ்வளவுதான் கதை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது, சோறு ஆறிப்போனது. உண்மையிலேயே ஒண்ணுமில்லாத விஷயம். நான் சிரித்து முடிக்கும் வரை டார்ச்சை அவள் இறக்கவில்லை.